சங்கக் காரியாலயத்து மேஜையில் மின்கம்பிகளைப் பேணும் முறை

நமது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்குள் இன்று நுழையும் அங்கத்தினர் முதலில் காண்பது பேரேடு அன்று. கணிப்பொறியின் திரையே ஆகும். 1904ஆம் ஆண்டில் இந்தியாவிற்கெனக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நாளையச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் முதற் சங்கம் பதிவாயிற்று. அக்காலத்துச் சங்கத்திற்கு வேண்டியிருந்தவை ஒரு பேரேடு, ஒரு நாள்வழி, மைக்கூடு, பணப்பெட்டி ஆகியவையே. இவற்றுள் எதற்கும் வால் கிடையாது. இன்று மேஜைமீது வைக்கப்படும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வால் உண்டு. சிலவற்றிற்கு இரண்டு உண்டு. அவ்வால்களைப்பற்றியதே இக்கட்டுரை.

இது அற்ப விஷயம் என்று அங்கத்தினர் எண்ணக்கூடும். பயிர்க்கடன், நகைக்கடன், நூல் கொள்முதல், தள்ளுபடி விற்பனை என்று எழுதுவதற்கு எவ்வளவோ இருக்க, மேஜைக்கடியிற் கிடக்கும் கம்பிகளைப்பற்றியா எழுதுவது என்று கேட்கலாம். ஆய்வுக்காகப் பல சங்கங்களின் படியேறி இறங்கியவன் என்ற முறையில் நான் கூறுவது இதுவே: கணக்கில் நேரும் தாமதங்களிற் பல, கணக்கனின் கையிலிருந்து தோன்றுவதில்லை, அவன் காலடியிலிருந்து தோன்றுகின்றன.

மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நாடெங்கிலுமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைச் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டமொன்றை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டுச் சங்கங்களும் அதில் இடம் பெற்றன. இதன் பயனாகக் கருவிகள் வந்தன, பயிற்சியும் வந்தது. ஆனால் கருவிகளை வைப்பதற்கென்று புதிய மேஜை பெரும்பாலான இடங்களில் வரவில்லை. பேரேடு விரித்து எழுதுவதற்காகத் தச்சன் செய்த பழைய தேக்கு மேஜையின்மேலேயே எல்லாம் ஏறி அமர்ந்தன. ஆவுடையார்கோவில் வட்டாரத்திலுள்ள சங்கம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்போம். கணிப்பொறிப் பெட்டிக்கு மின்சாரக் கம்பி ஒன்று, திரைக்கு ஒன்று, பெட்டியையும் திரையையும் இணைப்பது ஒன்று, எழுத்துப் பலகைக்கு ஒன்று, சுண்டெலி என்று நாம் செல்லமாக அழைக்கும் மௌஸுக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு இரண்டு, கைரேகை பதியும் கருவிக்கு ஒன்று, யு.பி.எஸ். பெட்டிக்கு ஒன்று, இணையத்தொடர்பு தரும் மோடத்திற்கு மின்சாரக் கம்பி ஒன்று, வெளியிலிருந்து அதற்கு வரும் கண்ணாடியிழை ஒன்று, அதிலிருந்து கணிப்பொறிக்குச் செல்லும் நீலநிறக் கம்பி ஒன்று. ஆகப் பன்னிரண்டு. மேஜை விசிறியையும், செயலாளரின் கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பியையும் சேர்த்தால் பதினான்கு. இப்பதினான்கும் மூன்றடி அகலமுள்ள மேஜைக்கடியில் ஒன்றன்மேலொன்றாகக் கிடக்கின்றன.

இதனால் வரும் தீங்கு யாது? பெயர் கூற வேண்டாத ஒரு சங்கத்தில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். அங்கே பிளக் பாயிண்டு சுவரின் ஒரு மூலையிலும் மேஜை மறு மூலையிலும் இருந்தன. இடையே, அங்கத்தினர் வந்து நிற்கும் வழியின் குறுக்கே, எக்ஸ்டென்ஷன் கம்பி தரையிற் கிடந்தது. பயிர்க்கடனைத் திருப்பிச் செலுத்த வந்த முதியவர் ஒருவரின் கால் அதில் தட்டியது. நல்லவேளையாக அவர் விழவில்லை. பிளக் மட்டும் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பணம் வாங்கியாகிவிட்டது, வரவு பதியுமுன் திரை இருண்டுவிட்டது. மீண்டும் கருவியை எழுப்பி, இணையத்தொடர்பு வந்து, பதிவு ஏறியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்குள் மாலையாகிவிட்டது. அந்த முதியவர் ரசீதுக்காக மறுநாளும் பேருந்து ஏறி வர நேர்ந்தது.

தமிழ்நாட்டில் 2009-10ஆம் ஆண்டு முதல், உரிய தவணைத் தேதிக்குள் பயிர்க்கடனைத் திருப்பிச் செலுத்தும் விவசாயி வட்டி செலுத்த வேண்டுவதில்லை. அவ்வட்டியை அரசு ஏற்கிறது. தேதி தவறினாலோ அச்சலுகை இல்லை. ஆகவே தவணையின் கடைசி நாளன்று ஒரு பிளக் பிடுங்கிக்கொள்வது அற்ப விஷயமாகாது. அங்கத்தினரின் வட்டிச் சலுகையே அக்கம்பியில் தொங்குகிறது எனலாம்.

நெசவாளர்களாகிய அங்கத்தினருக்கு இதனை விளக்கச் சொற்கள் அதிகம் வேண்டா. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. அத்தனையும் ஒன்றோடொன்று பின்னாமல் வருவது எதனால்? ஒவ்வோர் இழைக்கும் விழுதில் ஒரு கண், அச்சில் ஒரு பல், அதற்கெனக் குறித்த ஓரிடம் உண்டு. இழை அறுந்தால் எது அறுந்தது என்று விரல் உடனே கண்டுகொள்கிறது. ஜக்கார்டு பெட்டியின்கீழ் தொங்கும் நூல்களைத் துளைப் பலகையொன்று பிரித்து நிறுத்துகிறது. அப்பலகையை எடுத்துவிட்டால் மறுநாள் தறியே ஓடாது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த அத்தறியின் துளையிட்ட அட்டைகளே, பின்னாளில் கணக்கிடும் யந்திரங்களுக்கு வழிகாட்டின என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். 1890ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜனத்தொகைக் கணக்கு, ஹாலரித் என்பவரின் யந்திரத்தில் துளையிட்ட அட்டைகளைக் கொண்டே கூட்டப்பெற்றது. தறிக்கும் கணிப்பொறிக்கும் இவ்வகையில் உறவு உண்டு. ஆயிரம் இழைகளைச் சிக்கின்றி ஆளத்தெரிந்த நம்மவர், பதினான்கு கம்பிகளின்முன் கைகட்டி நிற்பது பொருந்தாது.

முதலிற் செய்யவேண்டியது பிரித்தல். மேஜைக்கடியில் இருப்பவை யாவும் ஒரே இனம் அல்ல. ஓரினம் மின்சாரத்தைச் சுமப்பது, 230 வோல்ட்டு. மற்றோரினம் செய்தியைச் சுமப்பது. அதிலோடும் மின்னழுத்தம் மிகச் சொற்பம். இவ்விரண்டையும் ஒரே கட்டாகக் கட்டுதல் ஆகாது. மின்னோட்டம் செல்லும்போது மின்சாரக் கம்பியைச் சூழ்ந்து ஒரு காந்தப் புலம் உண்டு. அது அருகே நெடுந்தூரம் இணையாக ஓடும் செய்திக் கம்பியில் இரைச்சலைத் தோற்றுவிக்கும். இதனைத் தடுக்கவே நீலக் கம்பிக்குள் எட்டு மெல்லிய செப்புக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டுள்ளன. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் 1881ஆம் ஆண்டில் உரிமை பெற்ற உத்தி அது. இரு கம்பிகளும் மாறி மாறி அருகே வருவதால் இரண்டிலும் இரைச்சல் சமமாகவே ஏறுகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை மட்டுமே படிப்பதால், சமமாக ஏறியது தானே கழிந்துவிடுகிறது. நூல் முறுக்கத் தெரிந்தவர்க்கு இது விளங்காமற் போகாது. எனினும் முறுக்கு எல்லாவற்றையும் தாங்காது. மின்சாரக் கம்பிகள் மேஜையின் ஒரு பக்கத்தாலும் செய்திக் கம்பிகள் மறு பக்கத்தாலும் இறங்கட்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும். ஒன்றை ஒன்று கடக்க நேர்ந்தால், பாவும் ஊடையும் போலக் குறுக்காகக் கடந்து செல்லவேண்டும், கூடவே ஓடலாகாது.

அடுத்தது வளைவு. கம்பியை மடித்துச் செருகினால் இடம் மிச்சமாகும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நீலக் கம்பியை அதன் பருமனைப்போல் நான்கு மடங்கு ஆரத்திற்குக் குறையாமல் வளைக்கவேண்டும் என்பது விதி. அளவுகோல் தேடவேண்டா, பெரிய எலுமிச்சம்பழமொன்றைச் சுற்றிக் கம்பியை வளைத்தால் என்ன வளைவு வருமோ அதுவே எல்லை. வெளியிலிருந்து வரும் கண்ணாடியிழைக்கோ சாத்துக்குடிப் பழம் வேண்டும். அவ்விழையின் உட்புறத்துக் கண்ணாடி ஒரு மில்லிமீட்டரில் எட்டிலொரு பங்கு பருமனே உடையது. அதனுள் ஓடுவது மின்சாரம் அன்று, ஒளி. இழை நேராகவோ மெல்ல வளைந்தோ இருக்கும்வரை ஒளி உள்ளேயே துள்ளிச் செல்லும். சடக்கென்று மடித்தாலோ வெளியே கசிந்துவிடும். இணையம் மந்தமாயிருக்கிறது என்று தொலைத்தொடர்பு அலுவலகத்திற்கு மனு எழுதுமுன், ஜன்னற் கதவு அவ்விழையை நசுக்குகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.

இனிக் கட்டுதல். அறந்தாங்கிக் கடைத்தெருவில் கேபிள் டை என்று கேட்டால், ஒருபுறம் பற்களும் மறுபுறம் ஒரு துளையுமுள்ள நைலான் பட்டைகளைத் தருவார்கள். மின்வேலை செய்வோர் அதனை டேக் என்பர். அதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் ஆகாயவிமானங்களின் உள்ளே செல்லும் ஆயிரக்கணக்கான கம்பிகளை மெழுகு தோய்ந்த நூலால் தொழிலாளர் முடிச்சிட்டுக் கட்டி வந்தனர். நூல் விரல்களை அறுத்தது. 1956ஆம் ஆண்டு போயிங் விமானத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்த லோகன் என்னும் பொறியாளர் அத்துன்பத்தைக் கண்டு, வேறு வழி தேடினார். 1958ஆம் ஆண்டில் இப்பட்டைக்கு உரிமை கோரினார். ஒருமுறை இழுத்துவிட்டால் திரும்ப வராது. அவிழ்க்க வேண்டுமானால் வெட்டத்தான் வேண்டும். இதுவே அதன் பலம், இதுவே அதன் குறையும். சங்கக் காரியாலயத்தில் அச்சுப்பொறி பழுதாகும், மோடம் மாறும். ஒவ்வொரு முறையும் பட்டையை வெட்டக் கத்தியை நுழைத்தால் ஒரு நாள் கம்பியின் தோலும் வெட்டுப்படும். மேலும் பட்டையை மட்டுமீறி இறுக்கினால் நீலக் கம்பிக்குள் உள்ள முறுக்குகள் நசுங்கிவிடும். ஆதலால் நிலையாக ஓரிடத்திலேயே இருக்கும் மின்சாரக் கம்பிக்கு மட்டும் நைலான் பட்டை போதும். அதையும் விரலால் நகர்த்தினால் நகருமளவிற்குத் தளர்வாகவே இடவேண்டும்.

அடிக்கடி மாறும் கம்பிகளுக்கு வெல்க்ரோ எனப்படும் ஒட்டுப்பட்டையே தக்கது. இதுவும் நெசவாளர் மகிழவேண்டிய பொருள். நமது வரப்புகளில் நாயுருவி வேட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்வதை எல்லாரும் அறிவோம். சுவிட்சர்லாந்து நாட்டில் டி மெஸ்ட்ரால் என்பவர் 1941ஆம் ஆண்டில் தம் நாயுடன் உலாவிவிட்டு வந்தபோது, அவர் உடையிலும் நாயின் உரோமத்திலும் அத்தகைய முட்காய்கள் ஒட்டியிருந்தன. நாம் பிடுங்கி எறிவோம். அவரோ பூதக்கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தார். காயில் நுண்ணிய கொக்கிகள் இருந்தன. துணியில் கண்ணிகள் இருந்தன. லியோன் நகரத்து நெசவாளர் ஒருவரின் துணைகொண்டே அவர் தமது முதற் பட்டையை நெய்வித்தார். நைலான் இழைகளைக் கண்ணிகளாக நெய்து, ஒரு பட்டையின் கண்ணிகளை மட்டும் பக்கவாட்டில் அறுத்தால் அவை கொக்கிகளாகிவிடும். இதுவே அதன் இரகசியம். ஆகவே அப்பட்டையும் ஒரு தறிச் சரக்கே.

அதுவும் கிடைக்காவிட்டால்? கைத்தறி நாடா இருக்கவே இருக்கிறது. பழங்காலத்துத் தொலைபேசி நிலையங்களில் கம்பிகளை மெழுகிட்ட நூலாலேயே கட்டினர். அமெரிக்கா செவ்வாய்க்கு அனுப்பி 2012ஆம் ஆண்டில் தரையிறங்கிய கியூரியாசிட்டி வண்டியிலுங்கூடக் கம்பிகள் நூல் முடிச்சாலேயே கட்டப்பட்டிருக்கின்றன. விரலகல நாடாவால் சாணுக்கு ஒரு கட்டாகக் கட்டினால் போதும். மெல்லிய சரட்டால் கட்டுவது கூடாது. சரடு தோலை அறுக்கும். ரப்பர் வளையமும் ஆகாது. நமது ஊர் வெப்பத்தில் அது சில மாதங்களில் உருகிக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும்.

கட்டியதை மேஜையோடு பிணைக்கவேண்டும். கட்டாத கட்டு வெறுஞ்சுமையே. மேஜைப் பலகையின் அடிப்புறத்தில், பின் ஓரமாக, பிளாஸ்டிக் கிளிப்புகளைச் சிறு திருகாணிகளால் பொருத்தி, அவற்றில் கம்பிகளை ஏற்றலாம். எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் தரையில் விடாமல் அவ்வாறே பலகையின் அடியிலோ மேஜைக் காலிலோ திருகிவிடவேண்டும். ஆவுடையார்கோவிலைச் சேர்ந்த அங்கத்தினருக்கு உதாரணம் தேடி வெளியூர் போகவேண்டுவதில்லை. ஆத்மநாதசுவாமி கோயிலின் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால் போதும். கருங்கல்லை மரச்சட்டங்களைப்போல் மெலிதாக இழைத்து, சட்டத்தோடு சட்டம் சேருமிடத்தில் கயிற்றையும் குமிழ் ஆணியையுங்கூடக் கல்லிலேயே வடித்திருக்கிறார்கள். கல்லுக்குக் கட்டும் ஆணியும் தேவையில்லை; எனினும் ஒரு சட்டம் எங்கே தாங்கப்படுகிறதோ அங்கே ஒரு கட்டு இருந்தாகவேண்டும் என்பதைச் சிற்பியின் கண் மறக்கவில்லை. (அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளை மாணிக்கவாசகர் இவ்வூரில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது வரலாறு. ஆய்வாளன் என்ற முறையில் அந்தச் செலவுத் தலைப்பைப்பற்றி நான் ஒன்றும் எழுதாமலிருப்பதே மரியாதை.)

பிணைக்கும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். கைரேகை பதியும் கருவி நாள் முழுவதும் அங்கத்தினர் பக்கம் நகர்ந்து மீண்டும் குமாஸ்தா பக்கம் வருகிறது. உழைத்துக் காய்த்த விரல்களில் ரேகை எளிதில் விழுவதில்லையாதலால், அக்கருவியைத் திருப்பித் திருப்பி வைக்க நேர்கிறது. ஒவ்வோர் இழுப்பும் அதன் கம்பி கணிப்பொறியில் செருகப்பட்டிருக்கும் வாயில் விழுந்தால், சில மாதங்களில் அவ்வாய் தளர்ந்துவிடும். பிறகு கருவி பழுது என்று எழுதுவோம்; உண்மையில் பழுது வாயிலே. செருகுமிடத்திலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு கிளிப்பில் கம்பியைப் பிடிப்பித்துவிட்டால், இழுப்பு கிளிப்போடு நின்றுவிடும். கிளிப்பிற்கு இப்பால் கருவி நகர்வதற்கு ஒரு முழம் தளர்வு விடவேண்டும். அப்பால், வாய்க்கருகில், சிறிது தொய்வு இருக்கவேண்டும். திரையின் கம்பியில் இருபுறமும் திருகுகள் இருந்தால் அவற்றைத் திருகிவிடுங்கள். வெறுமனே செருகி வைத்துவிட்டுத் திரை மஞ்சளாகத் தெரிகிறதென்று முறையிடுவோர் உளர்.

சுமையைப்பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். தீ விபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. சாதாரணச் சிறு பிளக் 6 ஆம்பியருக்கு உரியது. 230 வோல்ட்டில் அது சுமார் 1,380 வாட்டு. கணிப்பொறியும் திரையும் சேர்ந்து இதில் ஒரு சிறு பங்கையே உண்கின்றன. ஆனால் அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் தேநீருக்காக 1,500 வாட்டு மின்கெட்டிலையும் செருகினால், அந்த ஒன்றே வரம்பைத் தாண்டிவிடுகிறது. லேசர் அச்சுப்பொறியும் அத்தகையதே. தாளில் மையைச் சுட்டுப் பதிப்பதற்காக அது சூடேறும் கணத்தில் பல நூறு வாட்டு இழுக்கும். 600 வி.ஏ. என்று எழுதப்பட்ட சிறு யு.பி.எஸ். பெட்டி பொதுவாக 360 வாட்டு அளவே தாங்கும். ஆதலின் அச்சுப்பொறியை யு.பி.எஸ்.ஸில் செருகலாகாது, நேரே சுவரில் செருகவேண்டும். கணிப்பொறி, திரை, மோடம் இம்மூன்றுமே யு.பி.எஸ்.ஸின் பாதுகாப்பைப் பெறத்தக்கவை.

மிஞ்சிய கம்பியை என்ன செய்வது? பலர் அதை இறுகச் சுருட்டி, தாள் கட்டுகளுக்குப் பின்னே திணித்து வைக்கின்றனர். மின்னோட்டம் செல்லும் கம்பி சூடாகும். ஓட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும். தனியே கிடக்கும் கம்பி அச்சூட்டைக் காற்றில் விட்டுவிடும். சுருட்டிய கம்பியோ தன் சூட்டிலேயே தான் வேகும். ஆகவே சுமை மிகுந்த கம்பியைச் சுருட்டாதீர்கள். தேவையான நீளமுள்ளதை வாங்குங்கள். மிஞ்சியதைச் சுருட்டித்தான் ஆகவேண்டுமெனில், எட்டு என்னும் எண்ணின் வடிவில் தளர்வாக மடித்து, காகிதம் அணுகாத இடத்தில் தொங்கவிடுங்கள். மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டு இரண்டு துளைப் பிளக்கில் செருகும் வழக்கத்தையும் இன்றே விட்டுவிடவேண்டும். அது எர்த் முள். மற்ற இரண்டிற்கும் முன்பே சுவரைத் தொடவேண்டும் என்பதற்காகவே அதை நீளமாகச் செய்திருக்கிறார்கள்.

விவசாயச் சங்கத்திற்கென்றே தனியான பகைகள் இரண்டு உண்டு. முதலாவது எலி. கிட்டங்கியில் நெல்லும் விதையும் இருக்க, அடுத்த அறையில் கணிப்பொறி இருந்தால், எலி இரண்டையும் தன் உடைமையாகவே கருதும். அதன் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை; எதையாவது கொறித்துத் தேய்த்தாக வேண்டியது அதற்கு உடற்கட்டாயம். கம்பியின் மெத்தென்ற தோல் அதற்கு வாகாக அமைகிறது. தரையில் சுவரோரமாகவே எலி ஓடும். நாமும் கம்பியைத் தரையில் சுவரோரமாகவே போடுகிறோம். கம்பியைத் தரையிலிருந்து தூக்கினால் பாதித் தொல்லை தீர்ந்தது. சுவரில் செல்லும் பகுதியைக் கேசிங் பட்டிக்குள்ளோ குழாய்க்குள்ளோ செலுத்தவேண்டும். சுவரைத் துளைத்துக் கம்பி வரும் இடத்தில் விரல் நுழையுமளவு சந்து இருந்தால் போதும், எலிக்கு அதுவே வாசல்; சுண்டெலிக்கு அதிற் பாதி போதும். பாத்திரம் துலக்கும் கம்பிச்சுருளைத் திணித்துச் சிமெண்டு பூசினால் அதைக் கொறிக்க எலியால் இயலாது. மதிய உணவுப் பொட்டலத்தை மேஜை இழுவையில் வைக்கும் பழக்கத்தைப்பற்றி நான் சொல்லவேண்டுவதில்லை.

இரண்டாவது உரம். யூரியா மூட்டைகள் அடுக்கிய அறைக்கும் காரியாலயத்திற்கும் இடையே கதவு திறந்தே கிடப்பது பல ஊர்களில் வழக்கம். உரத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமான உரம் செம்பைத் தின்னும். பிளக் முட்களிலும் செருகு வாய்களிலும் பச்சைக் களிம்பு பூப்பது இதனாலேயே. ஆவுடையார்கோவில் வட்டத்தின் கிழக்கே மீமிசல் பக்கத்துக் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் களிம்பு விரைவில் ஏறும். களிம்பேறிய இடத்தில் தொடர்பு தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் கருகும். மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உலர்ந்த துணியால் முட்களைத் துடைத்தல் நன்று. கருகிய நிறமோ உருகிய விளிம்போ கண்டால் அப்பிளக்கை மாற்றிவிடவேண்டும். துடைத்து மறுபடி செருகுவது ஆபத்து.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் இடியும் நமது கடலோரத்திற்குப் புதியனவல்ல. வெளியிலிருந்து வரும் கம்பி சுவர்த் துளைக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே தொய்ந்து, பிறகு மேலேறி நுழையுமாறு செய்யவேண்டும். அப்போது கம்பிவழியே இறங்கும் மழைநீர் அத்தொய்வில் சொட்டிவிடும். நேரே உள்ளே வந்து மோடத்தின்மேல் இறங்காது. இடி முழங்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிடவேண்டும். செப்புத் தொலைபேசிக் கம்பி இருந்தால் அதையும் உருவவேண்டும். இங்கேதான் ஒழுங்கின் பயன் விளங்கும். பதினான்கு வால்களில் எதை உருவுவது என்று குமாஸ்தா குனிந்து தேடிக்கொண்டிருக்கையில் மின்னல் காத்திராது. ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் வெள்ளைத் துணி ஒட்டுநாடாவைச் சுற்றி, அழியாத மையால், 'திரை', 'அச்சு', 'மோடம்', 'யு.பி.எஸ்.' என்று தமிழிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். சுவரிலிருந்து பிடுங்கினாலும் யு.பி.எஸ். தன் பாட்டரியிலிருந்து மின்சாரம் தந்துகொண்டேயிருக்கும் என்பதை மறவாமல், அதன் பொத்தானையும் அணைக்கவேண்டும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தில் மின்கம்பங்களை வரிசை வரிசையாகச் சாய்த்துச் சென்றதை நாம் மறந்திருக்க முடியாது. பல நாட்கள் மின்சாரம் இல்லை. அத்தகைய நாட்களில் வாடகை ஜெனரேட்டரைக் கொணர்ந்து, கம்பியை ஜன்னல் வழியே இழுத்து, வேலை நடத்துவது உண்டு. அவ்வாறு செய்யுங்கால் ஜெனரேட்டர் வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கவேண்டும். அதன் புகை மூடிய அறையில் உயிரைக் குடிக்கும். அதன் கம்பியைச் சுவர் பிளக்கில் தலைகீழாகச் செருகிக் கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் ஏற்றுவது பெரும் குற்றம். கம்பத்தின்மேல் ஏறிப் பழுது பார்க்கும் மின்வாரியத் தொழிலாளியை அது கொன்றுவிடக்கூடும்.

இவ்வேலைகளுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். கிளிப்புகள், கேசிங் பட்டி, ஒட்டுப்பட்டை, திருகாணி எல்லாம் சேர்ந்தும் ஒரு கைரேகைக் கருவியின் விலைக்கு வெகு தூரம் கீழே நிற்கும். விற்பனை இல்லாத ஒரு பிற்பகல் போதும். தொடங்குமுன், இப்போதுள்ள இணைப்புகளைக் கைப்பேசியால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய கணக்கை முடித்துக் கருவிகளை முறைப்படி அணைத்த பின்னரே கை வைக்கவேண்டும். எல்லாக் கம்பிகளையும் கழற்றி, துடைத்து, பெயர் ஒட்டி, பின்பு ஒவ்வொன்றாக ஏற்றுவதே நேர்வழி. இருக்கிற சிக்கை அப்படியே சேர்த்துக் கட்டுவது சிக்கை நிரந்தரமாக்குவதாகும். கழற்றும்போது எதிலும் சேராத கம்பிகள் இரண்டு மூன்று கண்டிப்பாக அகப்படும். எப்போதோ போய்விட்ட கருவிகளின் வால்கள் அவை. அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, இருப்புப் பதிவேட்டில் குறித்து, கழிவென்று தீர்மானமான பின்னர் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு வணிகரிடம் கொடுங்கள். செம்புக்காகத் தோலைக் கொளுத்துவோரிடம் கொடுக்கவேண்டா, அப்புகை நஞ்சு.

மேஜைக்கடியிலுள்ள வேலையைச் சங்கப் பணியாளரே செய்துகொள்ளலாம். சுவருக்குள் உள்ளதை அவர் தொடலாகாது. அங்கத்தினர் நடக்கும் வழியில் கம்பி குறுக்கிடாதவாறு, மேஜை இருக்கும் சுவரிலேயே புதிய பிளக் பாயிண்டு வைப்பதற்கும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியைப் பலகையில் பொருத்துவதற்கும், எர்த் குழியைச் சோதிப்பதற்கும் உரிமம் பெற்ற மின்பணியாளரையே அழைக்கவேண்டும். அதற்கான மதிப்பீட்டை வாங்கிச் சங்கத்தின் அடுத்த கூட்டப் பொருளில் சேர்க்கும்படி அங்கத்தினர் எவரும் எழுதிக் கேட்கலாம். கோடையில் எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதற்கு மட்டும் தீர்மானம் வேண்டுவதில்லை.